ஒரு மில்லிமீட்டர் இடம்

போன மாதம் என் அண்ணன் பேரன் ஒரு மஞ்சள் பையோடு வந்து நின்றான். பைக்குள் அண்ணனின் நிக்கான் எஃப்எம் கேமரா. அண்ணன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. லென்ஸை யாரோ இரவல் வாங்கிப் போனதோடு சரி. பாடி மட்டும் பீரோவில் கிடந்திருக்கிறது.

பிலிம் லீவரை இழுத்து ஷட்டரை அமுக்கிப் பார்த்தேன். ‘டக்’ என்று விழுந்தது. 1977-இல் வந்த மாடல், முழுக்க இயந்திரம். பேட்டரி லைட் மீட்டருக்கு மட்டும்தான். பேட்டரியே இல்லாவிட்டாலும் படம் எடுக்கும்.

பையன் போனை நீட்டினான். புது 50 எம்எம் லென்ஸ் ஒன்று. பெயரின் கடைசியில் ‘ஜி’ என்ற எழுத்து. “நிக்கான் லென்ஸ்தானே தாத்தா? மாட்டும்ல?”

“மாட்டும்ப்பா. ஆனா நீ சொல்றதைக் கேக்காது.”

அந்த லென்ஸில் அப்பர்ச்சர் வளையமே கிடையாது. எவ்வளவு வெளிச்சம் உள்ளே போக வேண்டும் என்பதைப் புதுக் கேமராக்கள் தாமே லென்ஸுக்குச் சொல்லிவிடும். எஃப்எம்முக்கு அந்த வித்தை தெரியாது. ஷட்டரை அமுக்கும்போதெல்லாம் லென்ஸ் கண்ணை இறுக்கி, இருப்பதிலேயே சின்னத் துவாரமான எஃப் 16-க்குப் போய்விடும். பட்டப்பகலில் பரவாயில்லை. சாயங்காலம் பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படம் வேண்டுமென்றால் இருட்டுத்தான் வரும்.

மாட்டுவது வேறு, பொருந்துவது வேறு. இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன்.

1986. கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்து ஐந்தாவது வருஷம். கடன் வாங்கி எஃப்எம்2 வாங்கியிருந்தேன். மறுநாள் காலை ஒரு முகூர்த்தம். மேடையிலிருந்து தள்ளி நின்று எடுக்கலாமே என்று, தெரிந்தவரிடமிருந்து பழைய 135 எம்எம் லென்ஸ் ஒன்றை வாங்கி வந்தேன். அதே கம்பெனி, லென்ஸ் மாட்டும் அதே வாய். வைத்துத் திருப்பினேன். பாதியில் நின்றது. விரல் நுனியில் அந்தத் தடை தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் ‘கேமரா புதுசு, கொஞ்சம் இறுக்கமாக இருக்கும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அழுத்தித் திருப்பினேன். உள்ளே ஏதோ முறிந்த சத்தம்.

1977-க்கு முந்தைய நிக்கான் லென்ஸ்களில் அப்பர்ச்சர் வளையத்தின் பின்விளிம்பு முழுவட்டமாக இருக்கும். அதன் பிறகு வந்த பாடிகளில், வாயை ஒட்டி மீட்டருக்கான ஒரு சின்ன நாக்கு துருத்திக்கொண்டிருக்கும். பழைய விளிம்பு அதன் மேல் ஏறினால் நாக்கு போய்விடும். எஃப்எம்மில் அந்த நாக்கை மேலே மடக்கிவிடலாம்; பழைய லென்ஸுக்கும் வழி உண்டு. எஃப்எம்2-வில் மடக்க முடியாது. இத்தனையும் அப்போது எனக்குத் தெரியாது. தெரியாதது கூடத் தப்பில்லை. கை சொன்னதைக் கேட்காததுதான் தப்பு. மறுநாள் கல்யாணத்தை மீட்டர் இல்லாமல், அனுபவக் கணக்கில் எடுத்து முடித்தேன். தாலி கட்டும் நேரத்தில் என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

லென்ஸ் விஷயத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. லென்ஸின் வாய்க்கும் பிலிமுக்கும் நடுவே உள்ள தூரம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி. நிக்கானின் இந்த வாய்க்கு 46.5 மில்லிமீட்டர், 1959-இலிருந்து அதை மாற்றவில்லை. மரை போட்டுத் திருகும் பழைய எம்42 லென்ஸ்களுக்கு 45.46. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்தான். ஆனால் அப்படி ஒரு 50 எம்எம் திருகு லென்ஸை வெறும் அடாப்டர் வளையம் வைத்து நிக்கானில் மாட்டினால், சுமார் இரண்டரை மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாக விழாது. எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் வரும். தெருக்கோடியில் நிற்கும் கோபுரம் வராது.

பென்டாக்ஸ்காரர்களும் அந்தத் திருகு லென்ஸில்தான் பெயர் வாங்கினார்கள். 1975-இல் திருகை விட்டுவிட்டுப் புது வாய்க்கு, அதாவது மவுண்டுக்கு மாறினார்கள். மாறும்போது அந்த 45.46-ஐ மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஒரு சின்ன வளையம் போதும். அப்பா வாங்கிய லென்ஸ் மகன் கேமராவில் கோபுரத்தையும் எடுக்கும். கேனான் 1987-இல் மவுண்டை மாற்றியபோது பழைய எஃப்டி லென்ஸ்களுக்கு அந்த இடம் இல்லாமல் போயிற்று. அவர்களுக்கு அவர்கள் காரணம். எனக்கு மனசு பென்டாக்ஸ் பக்கம்தான்.

அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஸ்டூடியோவில் நெகட்டிவ் டச்சிங் செய்ய ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் டச்சிங் மாமா. சன்னலோரம் சாய்வுப் பலகையில் நெகட்டிவை வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் முகத்தில் உள்ள தழும்பை மறைப்பார். எல்லாவற்றையும் மறைக்க மாட்டார். “இந்தச் சுருக்கம் இருக்கட்டும்டா, இது இல்லன்னா அவர் இல்ல” என்பார். 2005-இல் கம்ப்யூட்டர் போட்டேன். ஒரு பையனை வேலைக்கு வைத்தேன். மாமாவைப் போகச் சொல்லவில்லை, வேலையும் கொடுக்கவில்லை. மூன்று மாதம் வந்து சன்னலோரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். ஒருநாள் பென்சில்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, “வரேன்ப்பா” என்றார். பிறகு வரவில்லை.

அந்தப் பையன் பக்கத்தில் மாமாவுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தால் போதும். எந்தச் சுருக்கத்தை வைக்கணும், எதை எடுக்கணும் என்று அவர் சொல்லியிருப்பார். எங்கள் படங்களில் முகங்கள் எல்லாம் மாவு பூசினாற்போல வர ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தேடிப் போனபோது அவர் இல்லை. கேமராவைப் பற்றி எது பேசினாலும் என் நினைப்பு அந்த நாற்காலியில்தான் போய் முடிகிறது.

பேரனுக்கு எழுதிக் கொடுத்தது இதுதான். அப்பர்ச்சர் வளையத்தில் எண்கள் இரண்டு வரிசையாக இருக்க வேண்டும். பெரிய வரிசைக்குப் பின்னால் பொடி எழுத்தில் இன்னொன்று. இருந்தால் அது ஏஐ வகை, எஃப்எம்முக்குச் சரி. பின்பக்கம் உள்ள சின்ன லீவரை விரலால் தள்ளிவிட்டால், இதழ்கள் சட்டென்று மூடித் திறக்க வேண்டும். மெதுவாக வந்தால் எண்ணெய் இறங்கியிருக்கிறது, வேண்டாம். போன் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துப் பார்த்தால், கண்ணாடிக்குள் சிலந்தி நூல் மாதிரி தெரிவது பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு அது சீக்கிரம் பிடிக்கும். நாங்கள் மர அலமாரியில் ஜீரோ வாட் பல்பை எரியவிட்டு லென்ஸைக் காப்போம். முதலில் ஒரே ஒரு 50 எம்எம் போதும். அதோடு ஒரு வருஷம் இரு.

மூன்று கடை ஏறி இறங்கி, ஏஐ லென்ஸ் ஒன்று வாங்கிவிட்டான். முதல் ரோலில் பன்னிரண்டாவது படம் அவன் பாட்டி, திண்ணையில், சாயங்கால வெளிச்சத்தில். சுருக்கம் அத்தனையும் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய கேமரா இருக்கலாம். லென்ஸ் வாங்கப் போகும்போது அதைக் கையோடு கொண்டு போங்கள். கடையிலேயே மாட்டிப் பாருங்கள். பாதியில் நின்றால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.