காலண்டர் சாமியின் ஊர்

தை பிறந்ததும் பழைய காலண்டரை என்ன செய்கிறீர்கள்? தேதித் தாள் தீர்ந்துவிட்டது. அட்டையில் முருகன் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கிறார். குப்பையில் போட மனம் வருமா? சிலர் சட்டம் போட்டுப் பூஜை அறையில் மாட்டுவார்கள். சிலர் கோயில் மரத்தடியில் சாய்த்து வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அந்த முருகனின் பிறந்தகத்தைப் பார்க்க வேண்டுமானால் விருதுநகரில் பஸ் ஏறுங்கள். திருத்தங்கல் குன்றின்மேல் இருக்கும் பெருமாளைச் சேவித்துவிட்டுப் போனால் அடுத்தது சிவகாசி. மழை குறைந்த இந்தச் சீமைக்கு 1920களில் தீப்பெட்டித் தொழில் வந்தது. பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்த பிறகு காலண்டரும் வந்தது. ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த ஆண்டின் ஆல்பம் வெளியாகும். பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மெக்கா எல்லாவற்றுக்கும் இங்கே ஒரே இயந்திரம், ஒரே மை!

படத்தை எழுதியவர் யார் என்று கேட்டால், சாத்தூரைத் தாண்டிக் கோவில்பட்டிக்குப் போக வேண்டும். சென்னைக் கலைப் பள்ளியில் படித்த சி. கொண்டையராஜு (1898–1976), நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டே வந்து, 1940களில் அங்கே தங்கிவிட்டார். அவரும் சீடர்களும் எழுதிய தெய்வங்கள்தாம் வீடு வீடாகப் போயின. கனடா நாட்டு அருங்காட்சியக அறிஞர் ஸ்டீபன் இங்லிஸ் அவரைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். தினமும் அவர் படத்துக்குப் பூப் போட்ட நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

கல்லச்சுக் காலத்தில் ஒரு படம் அடித்து முடிந்ததும், கல்லைத் தேய்த்து அடுத்த படத்தை எழுதுவார்கள். காகிதமோ ஓராண்டு விருந்தாளி. பொறுக்கியெடுத்துக் காப்பாற்ற ஓர் ஆள் இல்லாவிட்டால் எதுவும் மிஞ்சாது.

பழைய கோவாவில் அப்படிக் காப்பாற்றியிருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டு சாந்தா மோனிகா கன்னிமாடத்தின் தேவாலயத்தில் இருக்கிறது கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகம். 1994இல் ராஷோலில் தொடங்கி, 2002இல் இங்கே வந்தது. தந்தச் சிலை, வெள்ளிப் பாத்திரம், மரச் சிற்பம் என்று ஜபம் செய்த இடத்திலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். செய்தவர்களில் பலர் நம் நாட்டுக் கைவினைஞர்கள். பொருளைத் தேர்ந்தெடுத்து, கறையானும் ஈரமும் தீண்டாமல் காத்து, அதன் கதையை எழுதி வைப்பது காப்பாளரின் வேலை. அதன் பிறகு பக்தர் கும்பிடலாம்; ரசிகர் ரசிக்கலாம்.

சிவகாசிச் சாமிகளுக்கும் அந்த மரியாதை வேண்டாமா? உங்கள் பரணில் பாட்டி காலத்துப் படம் இருந்தால் இறக்கி, தூசி தட்டி, அடியில் இருக்கும் கையெழுத்தைப் படியுங்கள். எந்த ஆண்டு, எந்தக் கடை கொடுத்தது, யார் மாட்டினார்கள் என்பதைச் சீட்டில் எழுதிச் சட்டத்தின் பின்னால் ஒட்டுங்கள். வெயிலும் கசிவும் படாத சுவரில் மாட்டுங்கள். நாளைக்கு ஒரு காப்பாளர் தேடி வந்தால், அந்தச் சீட்டைத்தான் முதலில் கேட்பார்.