தாம்பரம் லயனில் படிப்பும் பந்தும்

உங்கள் வீட்டில் ப்ளஸ் டூ முடித்த பெண்ணோ பிள்ளையோ இருந்தால், மே, ஜூன் மாதங்களில் வேறு பேச்சே கிடையாது. எந்தக் காலேஜ், எந்தக் குரூப், எவ்வளவு பீஸ் என்று காலைக் காப்பி ஆறுவதற்குள் மூன்று தடவை விவாதம் நடந்துவிடும். அந்தப் பெண் பந்து விளையாடுகிறவளாகவும் இருந்துவிட்டால் சமாசாரம் இன்னும் சிக்கல்தான். "இத்தனை நாள் ஆடினது போதும், மட்டையைத் தூக்கிப் பரண் மேலே போடு" என்பார் பாட்டி. "விளையாட்டுக் கோட்டாவிலே இடம் கிடைக்குமாமே?" என்பார் அப்பா. இரண்டு பேருமே கல்லூரியைப் போய்ப் பார்க்காமல் பேசுகிறார்கள்!

பார்த்துவிட்டு வருவோமே என்று பீச் ஸ்டேஷனில் தாம்பரத்துக்கு டிக்கெட் வாங்கினேன். நீங்களும் கூட வாருங்கள். சுமார் 29 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பிரயாணம். 1931-ல் இந்தப் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு பட்டணத்துக்காரர்களுக்குத் தெற்குத் திசையில் மோகம் பிறந்தது. மனை வாங்க வந்தவர்களைப் போலவே கல்லூரிகளும் வந்தன. காரணம் ரொம்ப எளிது. வகுப்பறையை மாடிமேல் மாடியாகக் கட்டிக்கொண்டே போகலாம். விளையாட்டு மைதானத்தை அப்படிக் கட்ட முடியாதே!

வழியில் சைதாப்பேட்டையில் ஒரு தடவை இறங்கிவிடுவோம். நந்தனத்தில், அடையாற்றங்கரையில், மரநிழலும் மைதானமுமாக விரிந்து கிடக்கிறது ஒய்.எம்.ஸி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1920-ல் இதைத் தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்கிற அமெரிக்கர். 1891-ல் கூடைப்பந்து ஆட்டம் பிறந்ததே, அந்த ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் படித்துத் தேறியவர். 1924-ஆம் வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்தியக் கோஷ்டிக்கு மானேஜராக இருந்தவரும் அவர்தான். நம் பள்ளிக்கூடங்களில் விசிலும் கையுமாக நின்ற டிரில் மாஸ்டர்களின் பரம்பரைக்கு இந்த ஆற்றங்கரைதான் பூர்வீகம்.

ஆனால் ஒன்று. பெண்ணுக்கு ஆட்டம் நன்றாக வருகிறது என்பதற்காக மட்டும் இங்கே மனுப் போட்டுவிடாதீர்கள். இங்கே விளையாட்டே பாடம். எலும்பு எத்தனை, தசை எப்படிச் சுருங்குகிறது, நாற்பது குழந்தைகளை வெயிலில் எப்படி வரிசையாக நிறுத்துவது எல்லாம் படித்தாக வேண்டும். பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசை உள்ளவர்களுக்கு அருமையான இடம். தான் ஆட வேண்டும், கூடவே கணக்கோ சரித்திரமோ படிக்க வேண்டும் என்கிறவர்கள் மறுபடியும் ரயில் ஏற வேண்டியதுதான்.

கிண்டி, பரங்கிமலை, தலைக்குமேல் விமானம் உறுமும் மீனம்பாக்கம், குரோம்பேட்டை, சானடோரியம் எல்லாம் தாண்டித் தாம்பரம். 2021-ல் மாநகராட்சி அந்தஸ்துப் பெற்ற ஊர் அல்லவா? ஸ்டேஷனில் கூட்டத்துக்குக் குறைவில்லை. இடிபடாமல் கிழக்குப் பக்கம் வந்துவிட்டால் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. வாசலைத் தாண்டி நூறு அடி நடந்ததும், பஸ் ஹாரன் சத்தத்தை யாரோ கதவைச் சாத்தி அடைத்த மாதிரி இருக்கிறது!

1837-ல் ஜார்ஜ் டவுனில் பள்ளிக்கூடமாகப் பிறந்தது இது. சரியாக நூறு வருஷம் நெரிசலில் இருந்துவிட்டு, 1937-ல் சேலையூர்க் காட்டுக்குக் குடிவந்தது. சுமார் 365 ஏக்கர். அப்போது பெரும்பாலும் முள்ளும் புதருமாக இருந்த நிலம். எட்வர்ட் பார்ன்ஸ் என்ற பேராசிரியரும் அவர் மனைவி ஆலிஸும் தேடித் தேடி மரம் வைத்தார்கள். அவர் சொல்லிக்கொடுத்தது ரசாயனம். மனம் போனதோ செடிகொடிகளிடம்! இன்று அந்த நிழலில் புள்ளிமான்கள் மேய்கின்றன.

மானைப் பார்க்க உங்களை இவ்வளவு தூரம் இழுத்து வரவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. மாணவர் விடுதியை இங்கே 'ஹால்' என்பார்கள். சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று. பெண்களுக்கும் தனி ஹால்கள் உண்டு. ஒரு ஹாலுக்கும் இன்னொரு ஹாலுக்கும் விளையாட்டில் பரம்பரைப் போட்டி. படுக்கை, வகுப்பு, மைதானம் மூன்றும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. இதன் அருமை, தண்டையார்பேட்டையிலிருந்து தினம் வந்துபோகிற பெண்ணைக் கேட்டால் தெரியும். போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்றால் வாரத்துக்கு இருபது மணிக்கு மேல் ரயிலிலும் பஸ்ஸிலுமே கரைந்துவிடும். ஹாஸ்டல் பணத்தைக் கூட்டிக் கழித்துப் பார்க்கிறோம். இந்த மணிகளுக்கு யார் கணக்கு வைக்கிறார்கள்?

1970-களின் முற்பாதியில் இந்தக் கல்லூரியில் விஞ்ஞானம் படித்த ஒரு பெண், பெண்கள் கிரிக்கெட் அணியில் ஆடினார். அதோடு விடாமல், தோழிகளுடன் சேர்ந்து ஒரு இசைக்குழுவில் கித்தாரும் வாசித்தார். 'இது படிக்கிற பெண்ணா?' என்று அந்தக் காலத்தில் யாராவது மோவாயில் கை வைத்திருப்பார்கள். 2006-ல் பெப்ஸி கம்பெனியின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்த இந்திரா நூயிதான் அவர். கிரிக்கெட் ஆடியதால் பெரிய பதவி வந்தது என்று சொல்ல வரவில்லை. ஆடியதால் படிப்பு ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை என்பதைச் சொல்கிறேன். அவர் தனியாக ஆடவில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உடன் ஆடப் பத்துப் பெண்கள் கிடைத்தார்கள். அதுதான் விஷயம்.

அந்த விஷயம் எனக்கு உறைத்தது தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில். பக்கத்தில் ஒரு தாயும் மகளும். தாயின் மடியில் சர்ட்டிபிகேட் பைல். மகளின் மடியில் பலாப்பழம் மாதிரி உப்பிய ஒரு தோல் கையுறை.

"ஒத்தைக் கிளவுஸா இருக்கே, இன்னொண்ணு எங்கேம்மா?" என்றேன்.

பெண் சிரித்துவிட்டாள். "இது பேஸ்பால் கிளவுஸ். ஒரு கைக்குத்தான். இன்னொரு கையால எறியணுமே!"

"கிரிக்கெட், டென்னிஸுன்னா நாலு பேருக்குப் புரியும்" என்று தாய் அங்கலாய்த்தார். "இவ எடுத்திருக்கிற ஆட்டத்தைக் காலேஜிலே சொன்னா, 'அது என்னம்மா?'ன்னு அவங்களே திருப்பிக் கேக்கறாங்க. நீங்களே சொல்லுங்க, இதை வச்சுக்கிட்டு நான் எங்கே போய்ச் சேக்கறது?"

நியாயமான கேள்வி. பேஸ்பால் என்றால் நம்மில் பலருக்கு அமெரிக்க சினிமா ஞாபகம்தான் வரும். உலக்கைக்குத் தம்பி மாதிரி உருண்டையான மட்டை. ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். பந்தை அடித்துவிட்டு, தொண்ணூறு அடிக்கு ஒரு மூலையாக நான்கு மூலையையும் சுற்றி ஓடி வர வேண்டும். நாம் சின்ன வயதில் ஆடிய நாலு மூலைத் தாச்சி அமெரிக்கா போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்த மாதிரி! இதன் தங்கை ஸாப்ட்பால். பந்து பெரிது, மூலைக்கு மூலை அறுபது அடி. பல்கலைக்கழகங்களுக்கு இடையே இரண்டு ஆட்டத்திலும் பெண்களுக்குப் போட்டி நடக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ஸிலும் இரண்டும் திரும்ப வருகின்றன. மத்திய சர்க்கார், விளையாட்டு வீரர்களை வேலைக்கு எடுக்கும் பட்டியலை 2020-ல் 43-லிருந்து 63 ஆட்டங்களாகப் பெருக்கியபோது, மல்லர்கம்பம், கயிறு இழுத்தல் இவற்றோடு பேஸ்பாலையும் சேர்த்தது. ஆகவே பாட்டி நினைக்கிற மாதிரி அது வெறும் பொழுதுபோக்கு அல்ல.

ஆனால் அந்தத் தாயின் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பேஸ்பாலை ஒருத்தியாக ஆட முடியாது. இந்த லயனுக்குக் கிழக்கே, பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிற செயின்ட் ஜோஸப் இன்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர் மேஜைப் பந்து வீரர் சத்தியன். அவரை உருவாக்கியவர் பயிற்சியாளர் எஸ். ராமன். அந்த மாதிரி ஆட்டக்காரருக்கு நல்ல குருவும் ஒரு மேஜையும் வெளியில் கிடைத்துவிட்டால், கல்லூரி செய்ய வேண்டியது தடுக்காமல் அனுப்பிவைப்பதுதான். அதே சாலையில் இன்னும் தெற்கே, களவாக்கத்து எஸ்.எஸ்.என். கல்லூரியில் படித்தவர் அஸ்வின். 2006-ல் ரஞ்சிப் போட்டியில் இறங்கினார். இன்ஜினீயரிங் பட்டமும் வாங்கினார். கிரிக்கெட்டுக்குச் சென்னையில் கிளப்புகளுக்குப் பஞ்சமில்லை. பேஸ்பாலுக்கு அப்படியா? கல்லூரியில் ஒன்பது பேர் சேராவிட்டால் அந்தக் கையுறைக்குப் பரண்தான் கதி.

குரு எங்கே இருக்கிறாரோ அங்கே போய்ச் சேர்ந்த பெண்ணும் உண்டு. வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவி சென்னைப் பெண். பயிற்சி மையம் தலச்சேரியில் இருந்தது. ஆகவே கேரளத்துக்கு மூட்டை கட்டினார். அங்கேயே அரசு பிரென்னன் கல்லூரியில் படித்தார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஆடியபோது, வாள்வீச்சில் தகுதி பெற்ற முதல் இந்தியர் என்ற பெயரும் வந்தது. கல்லூரியின் பெயரை முதலில் எழுதிக்கொண்டு பிறகு ஆட்டத்துக்கு இடம் தேடாமல், தலைகீழாகச் செய்தார்கள் அவர் வீட்டில். எல்லாராலும் முடிகிற காரியம் அல்ல. பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப நம்மில் எத்தனை பேருக்கு மனசு வரும்?

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில் மேலக்கோட்டையூர் வரை ஒரு நடை போய்வரலாம். தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. 2004-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்டது. ஆற்றங்கரைக் கல்லூரிக்குச் சொன்னதுதான் இதற்கும். விளையாட்டையே பிழைப்பாகக் கொள்ள நினைக்கிறவர்கள் அவசியம் பாருங்கள்.

அப்பா கேட்ட கோட்டா விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் கவுன்ஸிலிங்கில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்குகிறார்கள். கலைக் கல்லூரிகளிலும் விளையாட்டுக்காக இடம் கொடுப்பது உண்டு. சர்ட்டிபிகேட் ஜில்லா அளவா, மாநில அளவா, தேசிய அளவா என்பதைப் பொறுத்து வரிசை ஏறும், இறங்கும். நல்லதுதான். ஆனால் கோட்டா என்பது வாசல் கதவை ஒரு தடவை திறக்கிற சாவி. உள்ளே மூன்று நாலு வருஷம் குடியிருக்க வேண்டுமே!

அதனால், ஆபீஸ் அறையில் கண்ணாடி பீரோ நிறைய வெள்ளிக் கோப்பைகளைக் காட்டினால் பார்த்து ரசியுங்கள். அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். கோப்பையில் வருஷம் பொறித்திருக்கும். கடைசிக் கோப்பை எந்த வருஷத்தது, அதில் பெண்கள் வாங்கினது எத்தனை என்று பாருங்கள். பிறகு சாயங்காலம் நாலரை மணிக்கு மைதானத்துப் பக்கம் போய் நில்லுங்கள். பெண்கள் ஆடிக்கொண்டிருந்தால் அந்தக் கல்லூரியில் பெண்கள் அணி இருக்கிறது. வெறும் கார்கள் நின்றுகொண்டிருந்தால், விளம்பரப் புத்தகத்தில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி, இல்லை!

வருகைக் கணக்கும் முக்கியம். நூற்றுக்கு 75 நாள் வந்தாக வேண்டும் என்பது பொதுவான விதி. போட்டிக்குப் போகிற நாளுக்கு 'ஓ.டி.' கொடுப்பார்கள், அதாவது கல்லூரி வேலையாகவே போனதாகக் கணக்கு. இதைக் கொடுப்பது யார், விளையாட்டு ஆசிரியர் கையெழுத்துப் போட்டால் துறைத் தலைவர் ஒப்புக்கொள்வாரா என்று மூன்றாம் வருஷத்து மாணவி ஒருத்தியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். உண்மை அவளிடம் கிடைக்கும். அதைவிட, விட்டுப்போன பாடத்துக்கு என்ன வழி என்று கேளுங்கள். இலக்கியமோ வணிகமோ ஆனால் தோழியின் நோட்டை வாங்கி ராத்திரி உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம். கெமிஸ்ட்ரி பிராக்டிகலை நோட்டிலிருந்து எழுதிக்கொள்ள முடியுமா? இன்னொரு நாள் செய்துபார்க்க விடுகிற கல்லூரி என்றால் விஞ்ஞானம் எடுக்கட்டும். இல்லாவிட்டால், ஆட்டமும் வேண்டும் என்கிற பெண்ணுக்கு வேறு பாடமே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

சென்னைக் கல்லூரிகள் பலவற்றில் காலை ஷிப்ட், பிற்பகல் ஷிப்ட் என்று இரண்டு உண்டு. பிற்பகல் ஷிப்டில் இடம் கிடைத்துவிட்டு, அணியின் பயிற்சி சாயங்காலம் என்றால், பெண் ஜன்னல் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். சேர்வதற்கு முன்னால் இதை யாரும் சொல்வதில்லை.

பயிற்சி மிதமிஞ்சிப் போவதும் உண்டு. கல்லூரி விளையாட்டைப் பெரிய வியாபாரமாகவே நடத்துகிற அமெரிக்காவில்கூட, அங்குள்ள என்.ஸி.ஏ.ஏ. சங்கம் போட்டிக் காலத்தில் வாரத்துக்கு 20 மணிக்கு மேல் மாணவரைப் பயிற்சியில் பூட்டக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. நம் ஊர்க் கோச்சிடம் 'வாரத்துக்கு எத்தனை மணி, ஸார்?' என்று கேட்பதில் தப்பே இல்லை. கேட்டுவிட்டு, ரயில் மணியையும் அதோடு கூட்டிப் பாருங்கள்.

விடுதியில் சேர்ப்பதானால் வார்டனம்மாவிடம் கேட்க ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. மைதானத்திலிருந்து ஏழரை மணிக்கு, முழங்கால் வரை செம்மண்ணோடு வருகிற பெண்ணுக்கு, குளிக்க வெந்நீரும் தட்டில் மூடிவைத்த சாப்பாடும் இருக்குமா, அல்லது மெஸ் கதவு சாத்தியிருக்குமா?

பெஞ்சில் இருந்த அந்தத் தாய் இதைத் தம் பைலின் அட்டையிலேயே பென்ஸிலால் குறித்துக்கொண்டார்.

"அப்படியே, காலேஜிலே பேஸ்பால் டீம் இல்லேன்னா நாங்களே ஒண்ணு ஆரம்பிச்சுக்க விடுவாங்களான்னும் எழுதிக்கோம்மா" என்றாள் மகள்.

"ஒன்பது பேருக்கு நீ எங்கேடி போவே?"

"எங்க ஸ்கூல்லேர்ந்தே நாலு பேர் இருக்கோம்மா" என்றாள் பெண், விரல்விட்டு எண்ணிக்கொண்டே.