நாட்காட்டியில் இரண்டு குறிகள்

வலிப்பு நோய் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கூடும் என்னும் எண்ணம் நம் இல்லங்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. பெண்கள் சிலருக்கு அந்நோயில் மாதக் கணக்கு ஒன்று உண்மையாகவே உண்டு. அக்கணக்கு அவர்களுடைய உடலுக்குள் நிகழ்வது.

ஒரு குடும்பத்தில், கல்லூரியில் பயிலும் பேத்திக்கு ஈராண்டுகளாக வலிப்பு இருந்தது. மாத்திரை தவறியதில்லை, ஆயினும் சில நாட்களில் அடுத்தடுத்து வந்தது. திருமண வயது நெருங்குவதால் வெளியே தெரியலாகாது என்று பெற்றோர் அஞ்சினர். நரம்பியல் மருத்துவர் மாதவிலக்கைப் பற்றிக் கேட்டபோது தாய் தலைகுனிந்தார்; தந்தை எழுந்து வெளியே சென்றார். உடன் வந்த பாட்டிதான், “மருமகள் சொல்லத் தயங்குகிறாள், நான் சொல்கிறேன் டாக்டர். பெரும்பாலும் விலக்காவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் வருகிறது” என்றார். ஏகாதசியையும் கிருத்திகையையும் விரல்விட்டு எண்ணிப் பழகியவருக்கு இந்தக் கணக்கும் தப்பவில்லை.

மருத்துவ உலகம் இதனை முன்பே அறியும். விக்டோரியா மகாராணியின் பேறுகால மருத்துவராயிருந்த சர் சார்லஸ் லோகாக், மாதவிலக்கை ஒட்டி வரும் வலிப்புக்குப் பொட்டாசியம் புரோமைடு பயன்பட்டதை 1857ஆம் ஆண்டு லண்டனில் எடுத்துரைத்தார். வலிப்புக்குப் பலன் தந்த முதல் மருந்தாக அதுவே கருதப்படுகிறது.

ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு மூளை நரம்புகளைக் கிளர்ச்சியுறச் செய்யவல்லது; புரோஜெஸ்டிரோன் அவற்றை அமைதிப்படுத்தவல்லது. விலக்குக்கு முந்தைய நாட்களில் புரோஜெஸ்டிரோன் விரைந்து குறைவதால் சிலருக்கு அப்போது வலிப்பு மிகுகிறது. வேறு சிலருக்கு, கருமுட்டை வெளிப்படும் மாத நடுவில் மிகுகிறது.

விலக்கான நாளுக்கு ஒரு குறி, வலிப்பு வந்த நாளுக்கு ஒரு குறி என மூன்று மாதம் எழுதி வரச் சொன்னார் மருத்துவர். கூடத்து நாட்காட்டியில் பாட்டியே குறித்து வந்தார். அதைப் பார்த்து, அந்தச் சில நாட்களுக்கு மட்டும் கூடுதல் மருந்து தரப்பட்டது. வலிப்பு வெகுவாகக் குறைந்தது.

பெற்றோரின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 1976இல் இந்துத் திருமணச் சட்டத்தில், அடிக்கடி வரும் வலிப்பு திருமணத்துக்குத் தடையாகச் சேர்க்கப்பட்டது. ஆனால் 1999இல் அத்தடை நீக்கப்பட்டுவிட்டது. மறைத்து மணம் முடித்தால், புகுந்த வீட்டில் அப்பெண் மாத்திரையை ஒளித்து உண்ண நேரும், என்றேனும் தவறும், வலிப்பு மீளும். கருவுறும் எண்ணம் இருப்பின் மருத்துவரிடம் முன்னதாகவே கூற வேண்டும். சில மருந்துகள் கருவைப் பாதிக்கக்கூடும். அதற்கு அஞ்சித் தாமாக மருந்தை நிறுத்துவதும் ஆபத்தே.

உறக்கமின்மையும் வலிப்பைத் தூண்டும். ஆதலால் சிவராத்திரியன்று இப்பெண்களைக் கண்விழிக்குமாறு பெரியோர் வற்புறுத்தலாகாது. வேளைக்கு உணவும் மருந்தும் தந்து உறங்கச் செய்துவிட்டு, அவர்களுக்காகவும் சேர்த்துத் தாம் விழித்திருந்து வேண்டிக்கொள்ளலாம்.