குண்டலுபேட்டையில் மூன்று காலைப்பொழுதுகள்

இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நாம், இரயில் எட்டாத ஓர் ஊரைப் பற்றி எழுத முன்வந்திருப்பது சில அன்பர்களுக்கு வியப்பாக இருக்கலாம். மைசூரிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதை நஞ்சன்கூட்டைக் கடந்து சாமராஜநகரில் முடிந்துவிடுகிறது. குண்டலுபேட்டைக்குச் செல்வோர் பேருந்தையே நம்ப வேண்டும். இவ்வாண்டு ஆடி மாதத்தில் மூன்று நாள் விடுப்புப் பெற்று அவ்வூரிலுள்ள தமக்கையார் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். சென்றது உறவு பார்க்க. ஆயினும், அங்கே நாம் பெற்று வந்தது வேறொன்று. அதனை நம் சங்கத்துக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்னும் விருப்பமே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதற்கண் நம் நிலையைச் சொல்லிவிடுகிறோம். நம் தந்தையார் சேலத்துப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து இரயில்வே வேலையாய் மைசூருக்கு வந்தவர். நீரிழிவு நோயால் முதலில் ஒரு கால்விரலை இழந்தார். பின்னர் நாற்பத்தொன்பதாம் வயதில், பணியில் இருக்கும்போதே காலமானார். பத்தாம் வகுப்புத் தேறியிருந்த நமக்குக் கருணை அடிப்படையில் வேலை கிடைத்தது. தந்தையாரின் வேலை நமக்கு வந்ததுபோலவே அவருடைய நோயும் முப்பத்தாறாம் வயதில் நம்மிடம் வந்து சேர்ந்தது. நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து கணினியைப் பார்த்திருக்கும் பணி. மாலையில் தேநீரும் வடையும். இரவில் வயிறு நிறையச் சோறு. நோய் வராதிருந்தால்தான் வியப்பு.

மருத்துவர், மாத்திரையோடு ஓட்டத்தையும் எழுதிக் கொடுத்தார். "மெல்ல நடந்து பழகுங்கள், பிறகு ஓடுங்கள்" என்றார். நாமோ தந்தையாரின் காலை நினைத்து அஞ்சி, முதல் நாளே மூச்சிரைக்க ஓடினோம். பத்து நாள் ஓடுவதும், முழங்கால் வலித்ததும் நிறுத்துவதும், மறுபடியும் அச்சம் வந்ததும் தொடங்குவதுமாக ஓராண்டில் நான்கு முறை விட்டுவிட்டோம். ஒவ்வொரு காலையும் கசப்பு மருந்து குடிப்பது போலவே இருந்தது. இந்த நிலையில்தான் குண்டலுபேட்டைக்குப் புறப்பட்டோம்.

மைசூரிலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் வழி. நஞ்சன்கூட்டில் கபினி ஆற்றைக் கடந்து, ஸ்ரீகண்டேசுவரர் கோயில் கோபுரத்தைக் கும்பிட்டு, பேகூர் வழியாகச் சென்றால் குண்டலுபேட்டை வரும். முன்னாளில் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வட்டம், 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது. ஊருக்குத் தெற்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பந்திப்பூர்க் காட்டின் வழியே கூடலூருக்கும் உதகைக்கும் செல்கிறது. மற்றொன்று சுல்தான் பத்தேரி வழியே கோழிக்கோட்டை அடைகிறது. தமிழும் கன்னடமும் மலையாளமும் ஒரே தேநீர்க் கடையில் கேட்கும் ஊர் இது. நம் அத்தான் இங்கே காய்கறி மண்டியில் கணக்கெழுதுகிறார்.

காட்டின் ஊடே செல்லும் இவ்விரு சாலைகளிலும் இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை வாகனங்கள் செல்லத் தடை உண்டு. 2009-இல் தொடங்கிய ஏற்பாடு இது. ஒருசில அரசுப் பேருந்துகளுக்கும் அவசர ஊர்திகளுக்குமே விலக்கு. யானையும் மானும் புலியும் அந்த ஒன்பது மணி நேரம் அச்சமின்றிச் சாலையைக் கடக்கலாம். ஆகவே ஊருக்கும் விடியற்காலையில் ஓர் அமைதி வாய்க்கிறது. ஆறு மணிக்குச் சோதனைச் சாவடிகள் திறந்த பிறகே அது கலையும்.

முதல் நாள் காலை அந்த அமைதியில் எழுந்து, மைசூரில் ஓடுவதுபோலவே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடினோம். அரைக் கிலோமீட்டர் செல்வதற்குள் நெஞ்சு படபடத்தது. இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டோம். திரும்பி வந்தபோது தமக்கையாரின் மகன், நம் மருமகன், வாசற்படியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "நீயும் வரலாமே" என்றோம். "ஓடி என்ன மாமா ஆகப்போகிறது?" என்று எழுந்து உள்ளே போய்விட்டான்.

தமக்கையார் பிறகு அடுக்களையில் மெல்லச் சொன்னார்: "தம்பி, அவனிடம் ஓட்டத்தைப் பற்றிப் பேசாதே. இரண்டு வருஷம் விடியக் காலையில் எழுந்து ஓடினான். தேர்வில் சில விநாடியில் போய்விட்டது. அன்றைக்குக் கழற்றிய காலணியை இன்றுவரை தொடவில்லை. இப்போது மண்டிக்குப் போவதும் அறைக்குள் படுப்பதும்தான் அவன் பொழுது." சீருடைப் பணி ஒன்றுக்கான உடல்தகுதித் தேர்வு அது. கொல்லைப்புறச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த காலணிகளை அதன் பிறகே கவனித்தோம். தூசி படிந்து, ஒன்றில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

அன்று பகலில் ஊரைச் சுற்றிப் பார்த்தோம். பழமையான விஜயநாராயணர் கோயில் இவ்வூரில் இருக்கிறது. மைசூர் மன்னர் சிக்கதேவராயர் தம் தந்தையாரின் நினைவாக எழுப்பிய பரவாசுதேவர் கோயிலும் இருக்கிறது. தந்தை நினைவாகக் கட்டிய கோயிலின் முன் நின்றபோது நமக்கும் நம் தந்தையாரின் நினைவு வந்தது. கூடவே இன்னொரு செய்தியும் நினைவுக்கு வந்தது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மைசூர் அரசின் அஞ்சல் துறை உருவானதும் இம்மன்னர் பெயரோடுதான் சேர்த்துப் பேசப்படுகிறது. கன்னடத்தில் அதற்கு 'அஞ்செ' என்று பெயர். நம் 'அஞ்சல்' என்னும் சொல்லுக்கு உறவு. 1889-இல் ஆங்கில இந்திய அரசின் அஞ்சல் துறையோடு இணையும் வரை அது தனியாக இயங்கியது.

இருப்புப்பாதை வருமுன் இந்நாட்டில் கடிதங்களைச் சுமந்தவர்கள் ஓட்டக்காரர்களே. தோளில் பை, கையில் மணி கட்டிய கோல். குறித்த தொலைவு ஓடி அடுத்தவர் கையில் பையைக் கொடுத்துவிட்டு இளைப்பாறுவார்கள். மணியோசை விலங்குகளை விலக்கும், வருகையையும் அறிவிக்கும். இரயிலில் அஞ்சல் பைகள் ஏறுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அப்பைகளின் பாட்டனார் மனிதக் கால்களே என்று எண்ணியபோது மகிழ்ச்சியாக இருந்தது. அத்துடன் ஓர் ஐயமும் எழுந்தது. அவர்களுக்கு ஓடுவதற்கு ஒரு பை இருந்தது. நம் தோளில் பை ஏது? நாம் நோய்க்கு அஞ்சி ஓடினோம். மருமகன் வேலைக்காக ஓடினான். அச்சம் தணிந்த நாளிலே நம் கால் நின்றது. வேலை இல்லையென்று ஆன நாளிலே அவன் கால் நின்றது. பையே இல்லாமல் ஒருவன் நாள்தோறும் ஓடவேண்டுமானால், ஓட்டத்திலேயே அவனுக்கு ஏதேனும் கிடைக்க வேண்டும் அன்றோ?

இரவு உணவின்போது மருமகனிடம், "தேர்வுக்கு வேண்டாம், எனக்கு வழி காட்டுவதற்காவது நாளைக்கு வா. இந்த ஊரில் நாய்கள் எந்தத் தெருவில் என்று எனக்குத் தெரியாது" என்றோம். அவன் சிரித்துவிட்டான்.

இரண்டாம் நாள் ஐந்தரை மணிக்கு நாமும் மருமகனும் புறப்பட்டோம். அவன் காலில் செருப்புத்தான். நெடுஞ்சாலையை விடுத்து, ஊருக்கு வெளியே வயல்களினூடே செல்லும் வண்டிப் பாதையில் சென்றோம். கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டோம். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் எதுவோ அதுவே நம் வேகம் என்று முடிவு செய்தோம். பேச மூச்சுப் போதாவிட்டால் நடப்பது. மூச்சு வந்தால் மறுபடி ஓடுவது. இரண்டாண்டு வேகமாய் ஓடிப் பழகியவனுக்கு இது குழந்தை விளையாட்டாய் இருந்திருக்கும். ஆனாலும் பொறுமையாய் உடன் வந்தான்.

பொழுது புலர்ந்தபோது கண்ட காட்சியை எழுத்தில் வடிப்பது எளிதன்று. ஆடி, ஆவணி மாதங்களில் குண்டலுபேட்டை மஞ்சளாடை உடுத்துகிறது. ஒருபுறம் சூரியகாந்தி, அனைத்தும் கிழக்கு நோக்கி நிற்கின்றன. மறுபுறம் ஆரஞ்சு வண்ணச் செண்டுமல்லி. அப்பூவின் நிறச்சத்தைப் பிரித்தெடுக்கும் ஆலைகளுக்காக உழவர்கள் ஒப்பந்தத்தின்பேரில் பயிரிடுகிறார்கள். ஓணம் நெருங்கும்போது பூக்கோலத்துக்காகக் கேரளத்துக்கும் பூ செல்கிறது. தெற்கே மலைத்தொடர். அதில் 1,454 மீட்டர் உயரமுள்ள கோபாலசுவாமி பெட்டாவின் தலையில் மேகம் படுத்திருந்தது.

பூப்பறித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி நிமிர்ந்து பார்த்து, "பஸ் போய்விட்டதா? ஏன் இந்த ஓட்டம்?" என்று கன்னடத்தில் கேட்டார். மருமகன், "சும்னே அஜ்ஜி" என்றான். 'சும்மாதான் பாட்டி' என்பது பொருள். அவர் வாய்விட்டு நகைத்து, ஒரு செண்டுமல்லியை எடுத்து அவன்மேல் எறிந்தார். சற்று தூரம் சென்றபின் அவன் சொன்னான்: "மாமா, இரண்டு வருஷம் இதே பாதையில்தான் ஓடினேன். ஒருநாள்கூட இந்தப் பூவைப் பார்த்ததில்லை. கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தேன்."

அச்சொல் நமக்கும் பொருந்தியது. நாம் பார்த்துக்கொண்டிருந்தது சர்க்கரை அளவை. திரும்பி வந்து கணக்கிட்டால் ஏறத்தாழ நாற்பது நிமிடம் ஓடியும் நடந்தும் இருக்கிறோம்! மைசூரில் பத்து நிமிடத்துக்குமேல் தாங்காத உடம்பு இது.

அன்று மாலை கோபாலசுவாமி பெட்டாவுக்குச் சென்றோம். அடிவாரத்திலிருந்து மேலே அரசுப் பேருந்தில்தான் செல்ல வேண்டும். மலையுச்சியில் வேணுகோபாலர் கோயில், எங்கும் பனிமூட்டம். இது காட்டு விலங்குகளின் இல்லம். இங்கே ஓடிப் பார்க்கலாம் என்று எவரும் எண்ணலாகாது. பந்திப்பூர்ச் சாலையிலும் வண்டியை விட்டு இறங்கலாகாது. ஓட்டம் ஊரை ஒட்டிய வயற்பாதையோடு நிற்கட்டும்.

மூன்றாம் நாள் மெல்லிய தூறல். 'இன்று வேண்டாம்' என்று போர்வையை இழுத்துக்கொண்டோம். வாசலில், "மாமா, நேரமாகிறது" என்ற குரல் கேட்டது. எழுந்து பார்த்தால் மருமகன் நிற்கிறான். காலில் அந்தப் பழைய காலணிகள்! சிலந்திக் கூட்டைத் தட்டித் துடைத்திருந்தான். தமக்கையார் அடுக்களை வாயிலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. அன்று திரும்பும் வழியில், கடைசி இருநூறு கஜத்தை அவன் தன் விருப்பம்போல் பாய்ந்து ஓடினான். எவரும் நேரம் குறிக்கவில்லை.

அன்பர்களே, இப்போது சில பயனுள்ள செய்திகள். உழைக்கும் தசை, இன்சுலினை எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்ள வல்லது. ஆனால் அந்த நன்மை ஓரிரு நாளில் தேய்ந்துவிடும். ஆகையால் இரண்டு நாளுக்குமேல் தொடர்ந்து இடைவெளி விடலாகாது என்பது மருத்துவர் கூற்று. பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்போ, 75 நிமிடம் கடுமையான உழைப்போ வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். நீரிழிவுள்ளோர் வெறுங்காலோடு ஓடலாகாது. பாதத்தை நாள்தோறும் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

வயது கடந்துவிட்டதே என்பார்க்கு ஒருவரைச் சொல்வோம். பஞ்சாபிலிருந்து இங்கிலாந்து சென்று குடியேறிய பௌஜா சிங் என்பவர், மகனை விபத்தில் பறிகொடுத்த துயரை ஆற்றிக்கொள்ளவே முதுமையில் ஓடத் தொடங்கினார். 2000-இல் இலண்டன் மராத்தானை ஓடினார். 2011-இல் தொராண்டோவில், தம் நூறாம் வயதில் மற்றொன்றை ஓடி முடித்தார். பிறப்புச் சான்று இல்லாமையால் கின்னஸ் புத்தகம் அச்சாதனையை ஏற்கவில்லை. அதனால் அவர் ஓடிய தூரம் குறைந்துவிடவில்லை. 2025-இல் அவர் காலமானார். நம் தமிழகத்தில், 2021-இல் நலவாழ்வுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற மா. சுப்பிரமணியன், சாலை விபத்தில் முழங்கால் காயமுற்றவர். நடுவயதுக்குப் பின் ஓடப் பழகி நூற்றுக்கு மேற்பட்ட அரை மராத்தான்களை முடித்தார். அரை மராத்தான் என்பது 21 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இத்துணைத் தொலைவு நமக்கு வேண்டியதில்லை. இவர்களை இத்தனை காலம் ஓடவைத்தது அச்சம் மட்டுமாக இருந்திருக்க முடியாது என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

மைசூர் திரும்பிய பிறகு வாரம் நான்கு நாள் ஓடுகிறோம். வேகம் மெதுவே. ஒரு நாள் குக்கரஹள்ளி ஏரிக்கரை. ஒரு நாள் வீட்டுத் தெரு. எங்கே எந்த மரம் பூத்தது என்று வீட்டில் வந்து சொல்வது வழக்கமாகிவிட்டது. நம் இளைய மகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் உடன் வருகிறாள். சர்க்கரை சிறிது இறங்கியிருக்கிறது. மாத்திரை நிற்கவில்லை, நின்றுவிடும் என்று நாம் யாருக்கும் வாக்களிக்கவும் மாட்டோம். மருமகன் வாரந்தோறும் தொலைபேசியில் அழைத்து, "இன்று எத்தனை பூ, மாமா?" என்று கேட்கிறான். வயது வரம்புக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறதாம். தேர்வு எழுதுவானோ, மாட்டானோ, நாம் கேட்கவில்லை. ஓடுகிறான், வீட்டில் எல்லாரோடும் அமர்ந்து உண்கிறான் என்று தமக்கையார் சொல்கிறார். அது போதும்.

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்கள் நாம். பேருந்துக்கு ஓடினோம், பள்ளி வாயிலுக்கு ஓடினோம், பணிமாற்ற ஆணைக்கு ஓடினோம். ஒரு பையும் சுமக்காமல், அரைமணி நேரம் சும்மா ஓடிப் பார்ப்போமே! தந்தையார் நாற்பத்தொன்பதில் போனார். நமக்கு இப்போது முப்பத்தேழு. எஞ்சிய காலம் எவ்வளவாயினும், காலைப்பொழுதுகளைக் கசப்பு மருந்தாகக் குடிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம்.