மூன்று மணித்தியாலங்களின் விலை

நோர்வேயில் வீட்டைச் சூடாக்குவது பெரும்பாலும் மின்சாரத்தின் வேலையாகிவிட்டது. மலைகளிலிருந்து இறங்கும் நீரே நாட்டின் மின்னுற்பத்தியில் பத்தில் ஒன்பது பங்களவைத் தருவதாலும், வீட்டுக்கு வீடு எரிவாயுக் குழாய் போடும் வழக்கம் இங்கு வேரூன்றாததாலும், கட்டடங்களைச் சூடாக்கக் கனிய எண்ணெய் எரிப்பது 2020 ஜனவரி 1 முதல் சட்டத்தால் தடுக்கப்பட்டதாலும், தனிவீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் எஞ்சியவை விறகடுப்பும் மின்சாரமுமே. மக்கள்தொகையோடு ஒப்பிடுகையில் ஐரோப்பாவிலேயே வெப்பப் பம்பிகள் மிகுந்த நாடாக நோர்வே விளங்குவதற்கு இதுவே காரணம்; குளிர்நாட்டுக்கு அக்கருவி உதவாது என்று இன்னும் வாதிடுவோர் வடக்கே ஒருமுறை வந்து பார்க்கலாம்.

வெப்பப் பம்பி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. துலா கிணற்று நீரை மேலே கொண்டுவருவதுபோல, வெளிக்காற்றில் ஏற்கெனவே உள்ள வெப்பத்தை வீட்டுக்குள் இறைத்துத் தருகிறது. உறைபனிக் காற்றில் வெப்பம் ஏது என்ற ஐயத்துக்கு விடை, கருவிக்குள் சுற்றிவரும் குளிரூட்டிப் பொருளின் இயல்பில் உள்ளது. இன்று வீட்டுக் கருவிகளில் பரவலாக நிரப்பப்படும் ஆர்-32 என்னும் பொருள், சாதாரண வளியமுக்கத்தில் −52 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுவதால், −15 பாகைக் காற்றும் அதற்குச் சூடான காற்றே. அவ்வாறு ஆவியானதைக் கம்ப்ரஸர் நெருக்கும்போது அதன் வெப்பநிலை உயர்ந்து, அவ்வெப்பம் அறைக்குள் விடப்படுகிறது. மின்சாரம் பெரும்பாலும் இந்த நெருக்கலுக்கே செலவாகிறது. கொழும்பிலும் சென்னையிலும் அறையைக் குளிர்விக்கும் ஏசியும் அடிப்படையில் இதே கருவிதான். வெப்பம் செல்லும் திசை மட்டுமே வேறு.

கருவி தந்த வெப்பத்தை அது உண்ட மின்சாரத்தால் வகுத்தால் கிடைப்பது அதன் செயற்றிறன் எண். வெளியே +7 பாகை இருக்கும்போது நல்ல கருவி நான்கு அல்லது ஐந்து என்ற எண்ணைக் காட்டும். −15 பாகைக்கு இறங்கும்போது அது இரண்டை ஒட்டி வந்துவிடும். உள்ளும் புறமும் வெப்பநிலை விலக விலக நெருக்கலுக்கான உழைப்புக் கூடுவது ஒரு காரணம். வெளிப்பெட்டியின் தகடுகளில் படியும் பனியை உருக்க, கருவி சில நிமிடங்கள் தன் திசையையே மாற்றி வீட்டு வெப்பத்தை வெளியே அனுப்பவேண்டியிருப்பது மற்றொன்று. ஆகவே, வெப்பம் மிகுதியாகத் தேவைப்படும் இரவில்தான் கருவி தன் சிக்கனத்தை இழக்கிறது.

ஆண்டுக்கு 10,000 கிலோவாட் மணி, அதாவது நம்மவர் யூனிட் என்று சொல்லும் அளவில் பத்தாயிரம், வெப்பம் வேண்டும் ஒரு வீட்டைக் கருதலாம். சுவரில் பொருத்தும் சாதாரண மின்சூடாக்கிகள் அதற்குப் பத்தாயிரம் யூனிட்டையும் உண்ணும். பருவச் சராசரிச் செயற்றிறன் 2.8 உள்ள பம்பி முழு வீட்டையும் சூடாக்கினால் ஏறத்தாழ 3,600 யூனிட் போதும். ஆனால் காற்றை ஊதும் பம்பியின் வெப்பம் கதவடைத்த படுக்கையறைக்கும் குளியலறைத் தரைக்கும் செல்லாது. பம்பி ஆறாயிரத்தையும் பழைய சூடாக்கிகள் நாலாயிரத்தையும் பங்கிட்டுக்கொண்டால், மொத்தம் ஆறாயிரத்துச் சொச்சமே ஆகும். குளிக்கும் நீரின் கணக்கு இதில் சேரவில்லை. 200 லீற்றர்த் தொட்டி நீரை 5 பாகையிலிருந்து 75 பாகைக்கு ஏற்ற 16 யூனிட் வேண்டும். 1 கிலோவாட் இழுக்கும் பம்பி பதினாறு மணித்தியாலம் ஓடினால் செலவாவதும் அதுவே. இருந்தும் மின்கட்டணம் கூடும்போதெல்லாம் பழி சுமப்பது, சுவரில் கண்ணுக்குத் தெரியும்படி ஊதிக்கொண்டிருக்கும் பம்பிதான்.

ஒஸ்லோவின் கிழக்குப் புறத்துத் தமிழ்க் குடும்பமொன்றுக்கு இவ்வாரம் வந்த ஜனவரி மாதச் சீட்டிலும் அப்பழியே எழுந்தது. பயன்படுத்திய யூனிட் முந்திய ஆண்டு ஜனவரியைவிடக் குறைந்திருந்தது. மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பிகளுக்கான வலையமைப்புக் கட்டணமோ ஒரு படி ஏறியிருந்தது. இதற்கு விடை பம்பியில் இல்லை, 2022 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள ஒரு விதியில் இருக்கிறது. அவ்விதி இது: மாதத்தின் ஒவ்வொரு நாளிலும் மின்பாவனை மிகக் கூடிய மணித்தியாலம் எதுவென்று கண்டு, அவற்றுள் மிகப் பெரிய மூன்றை, மூன்று வெவ்வேறு நாள்களிலிருந்து எடுத்துச் சராசரி காண்பர். அச்சராசரி 2 கிலோவாட்டுக்கு உட்பட்டதா, 2 முதல் 5 வரையா, 5 முதல் 10 வரையா என்பதைப் பொறுத்து, தலைநகர்ப் பகுதியில் அந்த மாதத்தின் நிலையான கட்டணம் தீர்மானிக்கப்படும். எடுத்துக்காட்டாக, மூன்று உச்சங்கள் 6.4, 5.8, 4.9 எனின் சராசரி 5.7, வீட்டார் மேற்படியில் ஏறிவிடுவர். முதல் நாளின் உச்சம் மட்டும் 4.2 ஆக இருந்திருப்பின் சராசரி 4.97 ஆகி, கீழ்ப்படியிலேயே தங்கியிருப்பர். ஒரேயொரு மணித்தியாலத்தின் சமையல் ஒரு மாதத்தின் கட்டணத்தை மாற்றிவிடுகிறது.

அக்குடும்பத்துக்கு அந்த ஒரு மணித்தியாலம் தைப்பொங்கலன்று வந்தது என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை. ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்தில், மின்னடுப்பில் பொங்கற் பானையும் ஓவனில் பிள்ளைகளுக்கான உணவும் இருக்க, வந்த உறவினர் கைகால் கழுவிய நீரை ஈடுசெய்யத் தொட்டியும் சூடேற, அடிக்கடி திறக்கும் கதவால் பம்பியும் முழுவேகத்தில் ஓடியது. முற்றத்தில் கோலமிட்டு, மூன்று கல் கூட்டி, பனைமட்டையும் தென்னம்பாளையும் எரித்துக் கிழக்கு நோக்கிப் பொங்கும் யாழ்ப்பாணத்துப் பானையை எந்த மானியும் அளந்ததில்லை. இங்கோ, 2019 தொடக்கத்துக்குள் வீடுதோறும் பொருத்தப்பட்டுவிட்ட நவீன மின்மானி, உறவினர் வந்த நேரத்தையும் கணக்கில் எழுதிவைக்கிறது.

கடுங்குளிர் மாலையில் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரத்துக்கேற்பக் கம்பிகளைத் தடிப்பாக்க வேண்டியிருப்பதால் அந்தச் செலவைப் பங்கிடவேண்டும் என்பது அதிகாரிகளின் வாதம். வாதத்தில் பிழையில்லை, அளவுகோலில்தான் பிழை. ஊர் உறங்கும் நள்ளிரவில் ஒருவர் எட்டிய உச்சமும், ஊர் முழுவதும் சமைக்கும் மாலையில் எட்டிய உச்சமும் இந்தப் படிக்கணக்கில் ஒரே எடை பெறுகின்றன. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் உள்ள படிமுறைக் கட்டணம் ஒருவர் எவ்வளவு பாவித்தார் என்றே கேட்கிறது. குறைவாகப் பாவிக்கும் வீடு குறைந்த விலையில் தப்புகிறது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரமே இருக்கவில்லையே என்று எவரேனும் நினைவூட்டினால், அது எரிபொருள் வாங்க டொலர் இல்லாமற்போனதன் விளைவே தவிரக் கட்டண விதியின் விளைவன்று.

நோர்வே அரசின் கைகளும் ஒன்றுக்கொன்று இணங்கவில்லை. 2025 அக்டோபர் 1 முதல் வீட்டார் விரும்பினால், யூனிட்டுக்கு வரியுடன் 50 ஓரே (அரைக் குரோனர்) என்ற நிலையான விலையை, மாதத்துக்கு 5,000 யூனிட் வரை பெறலாம். மின்சாரத்தின் சந்தை விலை மணிக்கு மணி மாறினாலும் கவலை வேண்டாம் என்று அத்திட்டம் சொல்ல, வலையமைப்புக் கட்டணமோ மணிக்கு மணி கவலைப்படுமாறு சொல்கிறது. 1980களில் மீன் பதனிடும் ஆலைகளுக்கு உழைக்கச் சென்ற தமிழர் முதலில் குடியேறிய பின்மார்க் மாகாணத்தில், வீட்டு மின்சாரத்துக்குப் பெறுமதி சேர் வரியும் இல்லை, மின்சார வரியும் இல்லை. அவர்களுள் பலர் பின்னர் ஒஸ்லோவுக்கு இறங்கி வந்து, குளிர் குறைந்த ஊரில் கூடிய கட்டணம் செலுத்தி வருகின்றனர்.

புதிதாகப் பம்பி வாங்க எண்ணும் வாசகர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஐரோப்பியத் தரச் சீட்டில் பெரிதாகக் காட்டப்படும் பருவச் செயற்றிறன், பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க் நகர்க் காலநிலையை அடிப்படையாகக் கொண்ட நடுத்தர மண்டலத்துக்கு உரியது. ஹெல்சிங்கியை அடிப்படையாகக் கொண்ட குளிர் மண்டலத்துக்கும் தனி எண் உண்டு, அது கட்டாயம் அச்சிட வேண்டியதன்று, ஆகையால் விற்பவரிடம் கேட்டே பெறவேண்டும். வாங்கிய பின் உட்பெட்டியின் வடிகட்டியைத் தூசி நீக்கி வைத்து, நீர்த் தொட்டியையும் மகிழுந்து மின்னேற்றியையும் ஒரே மணித்தியாலத்தில் ஓடவிடாமல் மாற்றி மாற்றி அமைத்துக்கொள்ளுங்கள். பம்பியை மட்டும் இரவில் நிறுத்திவிடாதீர்கள், குளிர்ந்துபோன வீட்டை விடியற்காலையில் மீண்டும் சூடாக்கும்போதுதான் அதுவும் ஒரு புதிய உச்சத்தை எழுதும்.