குவியலுக்குள் ஈரம்

ராயபுரத்தில் என் தந்தையார் மர்ஹூம் அவர்கள் நடத்திவந்த இறால் கடையைச் சென்ற ஆண்டு விற்றோம். கிடைத்த தொகையில் கணவரை இழந்த என் தங்கையின் பங்கும் உண்டு. அதை எதில் முதலிடுவது என்ற யோசனையோடு அவள் மகன் ஒரு நாள் காலையில் என்னிடம் வந்தான்.

"மாமா, முகத்துவாரக்குப்பம் பக்கம் ஓர் இடம் வந்திருக்கு. பூட்டிப்போன பழைய தொழிற்சாலை. எண்ணூர் விரைவுச்சாலையிலிருந்து கூப்பிடு தூரம். ஷெட் போட்டு லாரிக்காரங்களுக்கு வாடகைக்கு விட்டாலே போதும். பெரம்பூர் பின்னி மில்லைப் பாருங்க. 1996இல் மூடினாங்க, இன்னிக்கு அங்கே அடுக்குமாடி வீடுகள் நிக்குது."

பிள்ளை சொன்னது பொய்யன்று. துறைமுகம் அருகே, கன்டெய்னர் லாரிகள் நிற்க இடமின்றிச் சாலையோரத்திலேயே வரிசை கட்டுகின்றன. கணக்குப் பார்த்தால் அது நல்ல முதலீடுதான். ஆயினும் இடத்தைப் பார்க்காமல் வாக்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. இருவரும் புறப்பட்டோம்.

கொற்றலையாறு கடலோடு கலக்கும் அந்த முகத்துவாரம் எனக்குப் புதியதன்று. சிறுவனாய் இருந்தபோது, சுபுஹு தொழுகை முடிந்ததும் அத்தா என்னை அழைத்துக்கொண்டு அங்கே இறால் வாங்கச் செல்வார்கள். எந்த நாளில் யார் எவ்விடத்தில் வலை கட்டுவது என்று முறைவைத்திருந்தார்கள் கழிமுகத்து மீனவர்கள். அதற்குப் 'பாடு' என்று பெயர். கூடை வந்து இறங்கியதும் அத்தா மேலே கிடப்பதைப் பார்க்க மாட்டார்கள். கையை அடிவரை விட்டுத் துழாவுவார்கள். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் செய்தியை நான் முதன்முதல் கேட்டது அந்தக் கரையில்தான்.

தரகர் காட்டிய இடம் இரண்டு ஏக்கர். இடிந்த சுவர், துருப்பிடித்த தொட்டி, முழங்கால் உயரத்துக்கு முள். ஒரு மூலையில் மண் கறுத்து, காலில் ஒட்டியது. முன்பு அங்கே என்ன செய்தார்கள் என்று கேட்டேன். "ஏதோ கெமிக்கல், பாய்" என்றார் தரகர், அதற்குமேல் ஒன்றுமில்லை என்பதுபோல.

ஆற்றங்கரையில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"காலி இடம்னு யாரு பாய் சொன்னது? மழை வந்தா அந்தக் கொல்லையில இருக்கறது எல்லாம் எங்க பாட்டுக்குத்தான் எறங்கி வரும். மிக்ஜாம் புயல்ல பாத்தோமே!"

2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே இக்கழிமுகத்தில் புகுந்து, படகிலும் வலையிலும் அலையாத்திச் செடியிலும் அப்பிக்கொண்டதை அவர் சொன்னார். எண்ணூர் அனல்மின் நிலையத்தையும் சுட்டிக்காட்டினார். 1970இல் மின்சாரம் தரத் தொடங்கி, 450 மெகாவாட் வரை வளர்ந்து, 2017 மார்ச்சில் மூடப்பட்ட நிலையம் அது. அவ்விடத்தில் 660 மெகாவாட்டில் புதியது அமைப்பது பற்றி 2024 டிசம்பரில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். ஆலை நின்றால் புகை அன்றே நின்றுவிடுகிறது. மண்ணில் இறங்கியது நிற்பதில்லை. கனஉலோகமும் கசடு எண்ணெயும் சேற்றோடு பிணைந்து கிடக்கும். கடலோர மணலில் நிலத்தடி நீர் மிக அருகிலேயே இருப்பதால், மழையில் நீர்மட்டம் ஏறும்போதெல்லாம் அவை இடம்பெயரும்.

கொடைக்கானலில் வெப்பமானி செய்த தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. அந்த மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் எஞ்சலாமா கூடாதா என்ற வழக்காடல் அதன்பின் எத்தனை ஆண்டுகள் நீண்டது! வாங்கியபின் அப்படியொரு வழக்கு வந்தால், விதவைத் தங்கையின் பங்கு தாங்குமா?

தரகரிடம் ஒன்றே கேட்டேன். நிலத்தில் நாலைந்து இடங்களில் ஆழமாகத் துளையிட்டு, வெவ்வேறு மட்டத்து மண்ணையும் அடிநீரையும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், செலவு எங்களுடையது. மேல்மண்ணில் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தால் போதாது என்றேன். அவர் சிரித்தார். "வீடா கட்டப்போறீங்க பாய்? லாரிதானே நிக்கப்போகுது!"

அதில் ஒரு நியாயம் உண்டு. குடியிருப்புக்கு வேண்டிய சுத்தம் வேறு, கான்கிரீட் தளம் போட்ட கிடங்குக்கு வேண்டியது வேறு. மருமகனும் அதையே பற்றிக்கொண்டான்: "நாம அந்தத் தண்ணியைக் குடிக்கப்போறதில்லையே மாமா."

"காவலாளி குடிப்பான், அவன் பிள்ளைகள் குடிப்பார்கள். பெரியவர் வலையில் விழும் இறாலை நம் வீட்டுக்கும் வாங்குவோம், தம்பி" என்றேன். நாளை நாம் விற்கும்போது கறுத்த மண்ணை வாங்குபவரிடம் சொல்வாயா என்றும் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை.

துளையிட உரிமையாளர் இசையவில்லை. இரண்டு வாரம் கழித்து வேறு பார்ட்டி வந்துவிட்டதாகத் தரகர் சொல்லியனுப்பினார். இப்போது அங்கே ஷெட்டுக்குத் தூண் நட்டுக்கொண்டிருக்கிறார்களாம். தங்கையின் தொகை இன்னும் வங்கியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ முடிந்து என் வீட்டுக்குச் சாப்பிட வரும் மருமகன், மூன்று வாரமாக வரவில்லை.