அஞ்சு நிமிஷத் துறவி

நீங்கள் எப்போதாவது ஒரு துறவியை வளர்த்திருக்கிறீர்களா? நான் வளர்த்தேன். 2005-ல், மேற்கு மாம்பலத்தில், மணிக்கு 20 ரூபாய் வாங்கிய ஒரு பிரவுசிங் சென்டரில்.

ஆட்டத்தின் பெயர் ராக்னராக் ஆன்லைன். லீ மியுங்-ஜின் வரைந்த காமிக்ஸை வைத்து கொரியாவின் கிராவிட்டி நிறுவனம் 2002-ல் வெளியிட்டது. அதில் எடுத்த எடுப்பில் 'மாங்க்' ஆகிவிட முடியாது. முதலில் நோவிஸ். பிறகு அகோலைட் என்கிற எடுபிடிச் சாமியார். அதில் குறைந்தது 40 ஜாப் லெவல் ஏறினால்தான் மடத்தில் சேர்த்துக்கொள்வார்கள்.

லெவல் ஏற ஏறப் புள்ளிகள் தருவார்கள். பலம், வேகம், உடல் உரம், புத்தி, கைத்திறன், அதிர்ஷ்டம் என்று ஆறு கணக்கு. எதில் வேண்டுமானாலும் வரவு வைக்கலாம். ஆரம்பத்தில் ஒரு படி ஏற 2 புள்ளி. தொண்ணூறைத் தாண்டிவிட்டால் ஒரு படிக்கு 11. நான் பி.காம். சும்மா இருப்பேனா? மலிவான படிகளாகப் பார்த்து ஆறிலும் சமமாகப் போட்டேன். பாலன்ஸ் ஷீட் டாலி ஆகிவிட்டது, துறவிதான் தேறவில்லை. அடித்தால் யாருக்கும் வலிக்கவில்லை. அடி வாங்கினால் தாங்கவில்லை. போட்ட புள்ளியைத் திரும்ப எடுக்க அன்று எனக்கு வழியும் இல்லை. அறுபதாவது லெவலில் அவனைக் கைகழுவினேன்.

அடுத்தவனுக்கு பலம், புத்தி, கைத்திறன் மட்டும். எல்லாம் அசுரா ஸ்ட்ரைக்குக்காக. ஐந்து சக்தி உருண்டைகளைத் (பொரி உருண்டை அல்ல) தன்னைச் சுற்றிச் சுழலவிட்டு, உக்கிரம் ஏற்றிக்கொண்டு ஒரே குத்து. கையிருப்பில் எஸ்.பி. எவ்வளவோ, அடியும் அவ்வளவு. ஆனால் குத்திய மறுகணம் எஸ்.பி. பூஜ்யம். அதற்கப்புறம் ஐந்து நிமிஷம் தானாக ஒரு சொட்டு ஊறாது. நீல மருந்து வாங்கிக் குடிக்கலாம். அதற்கு ஆட்டத்திலும் காசு வேண்டும்.

வீட்டில் கம்பைண்ட் ஸ்டடி என்று சொல்லியிருந்தேன். சி.ஏ., மூன்றாவது முயற்சி. ஒரு ராத்திரி நாற்காலிக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. அப்பா. 2001-ல் வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கி, வந்த பணத்தில் எனக்கு கோச்சிங் ஃபீஸ் கட்டியவர்.

நேரம் பார்த்து என் துறவி அசுரா அடித்தான். எதிரி சாகவில்லை. திருப்பி ஒரு அடி. துறவி படுத்துவிட்டான்.

"செத்துட்டானா?"

"ஒரு பர்சென்ட் எக்ஸ்பீரியன்ஸ் போச்சுப்பா. அவ்ளோதான்."

"அதை மறுபடி சம்பாதிக்க?"

"முக்கால் மணி நேரம் ஆகும்."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"எல்லாத்தையும் ஒரே அடில போட்டுட்டா, அப்புறம் என்னடா பண்ணுவான்?"

"ஓடுவான். இல்லன்னா அஞ்சு நிமிஷம் ஓரமா உக்காந்திருப்பான்."

கவுன்ட்டரில் 60 ரூபாய் கொடுத்தார். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. வீட்டு கேட்டைத் திறக்கும்போதுதான் கேட்டார்.

"அஞ்சு நிமிஷம் கழிச்சு, தானா வந்துடுமா?"

"வரும்ப்பா. மெதுவா வரும்" என்றேன்.